இரண்டு சுரத்தைப் பிடித்துக்கொள்ளுங்கள்: ‘சாக்ஸஃபோன் கொலோசஸ்’ கேட்பது எப்படி

உங்கள் கேள்வி எனக்குப் புரிந்தவரை இதுதான்: கர்நாடக சங்கீதத்தை சாக்ஸஃபோனில் வாசித்த கத்ரி கோபால்நாத்தைக் கேட்டு வளர்ந்த காது, சாக்ஸஃபோன் சத்தமே பிடிக்கும். ஜாஸ் கேட்க ஆசைப்பட்டபோது நண்பர் ஒருவர் “ஹார்ட் பாப் கேட்கணும்னா இதுல ஆரம்பி” என்று சோனி ரோலின்ஸின் ‘சாக்ஸஃபோன் கொலோசஸ்’ ஆல்பத்தைக் காட்டியிருக்கிறார். முதல் பாட்டில் முதல் ஒரு நிமிஷம் பிரமாதம். அதற்கப்புறம் ஆள் எங்கேயோ போய்விடுகிறார், கடைசியில்தான் திரும்பி வருகிறார். நடுவில் எதைப் பிடித்துக்கொண்டு கேட்பது?

முதலில் ஒரு சின்ன காரியம் செய்யுங்கள். முதல் பாட்டான ‘செயின்ட் தாமஸ்’ஸை மறுபடி போடுங்கள். மேக்ஸ் ரோச் டிரம்ஸில் தனியாக ஆரம்பிப்பார். பிறகு எல்லோரும் சேர்ந்து அந்தக் குதூகலமான ட்யூன் வரும். ஒரு நிமிஷத்துக்குள் ட்யூன் முடிந்துவிடும். முடிந்த அடுத்த கணம் ரோலின்ஸ் என்ன செய்கிறார் என்று பாருங்கள். இரண்டே இரண்டு சுரம். நிறுத்துகிறார். திரும்ப அதே இரண்டு சுரம், ஆனால் தாளத்தில் கொஞ்சம் தள்ளி. மறுபடி நிறுத்துகிறார். பெரிய வித்வான் மேடையேறி, ஒரு குழந்தை கையில் கிடைத்த இரண்டு சொப்பை வைத்து விளையாடுவதுபோல் ஆரம்பிக்கிறார். பிறகு அந்த இரண்டுக்கு ஒரு வால் முளைக்கிறது. அடுத்த தடவை வால் நீள்கிறது. வாக்கியம் ஓடத் தொடங்கிய பின்பும் அந்த இரண்டு சுரத்தின் நினைவு ஒட்டிக்கொண்டே இருக்கிறது.

ஆள் எங்கேயும் போகவில்லை. ஒரே இடத்தில் நின்று ஒரு சின்னத் துணுக்கைப் புரட்டிப் புரட்டிப் பார்க்கிறார். இந்த ஆல்பத்தின் ரகசியம் என்று ஒன்று உண்டென்றால் அது இந்தக் கஞ்சத்தனம்தான். அவரிடம் சரக்கு ஏராளம். ஆனால் அள்ளிக் கொட்டமாட்டார். கொஞ்சத்தை எடுத்து அதிலிருந்து எவ்வளவு கறக்கலாம் என்று பார்ப்பார். நெரவலில் ஒரே வரியை வைத்துக்கொண்டு பாடகர் செய்வதைக் கேட்டுப் பழகிய உங்களுக்கு இது அந்நியமாக இருக்க வேண்டியதில்லை.

பிறகு ஏன் தொலைந்துபோகிறீர்கள்? உங்கள் காது தம்புராவைத் தேடுகிறது. நம் கச்சேரியில் ஆதார சுருதி அசையாது. பாடகர் எங்கே போனாலும் திரும்பி வர வீடு அங்கேயே இருக்கிறது. இங்கே வீடே நகர்கிறது. பியானோவும், பாஸ் என்ற தாழ்ந்த சுரத் தந்தி வாத்தியமும் சேர்ந்து கார்டுகளை, அதாவது ஒன்றாக ஒலிக்கும் சுரக்கூட்டங்களை, வரிசையாக மாற்றிக்கொண்டே போகின்றன. ஒரு வரிசை முடிந்ததும் அதே வரிசை முதலிலிருந்து ஓடும். ‘செயின்ட் தாமஸ்’ஸில் ஒரு சுற்றுக்கு, நான்கு எண்ணிக்கை கொண்ட 16 தாளக்கட்டு, கடைசிப் பாட்டான ‘ப்ளூ செவன்’னில் 12. ஆவர்த்தனம் மாதிரிதான், ஆனால் தாளத்தோடு சேர்ந்து சுருதியின் தரையும் சுற்றுகிறது. ரோலின்ஸ் வாசிக்கும் ஒவ்வொரு சுரத்துக்கும் அந்த நொடியில் கீழே ஓடும் கார்டோடு ஒரு கணக்கு இருக்கிறது. அந்தக் கணக்குத் தெரியாவிட்டாலும் சுற்றைப் பிடித்துக்கொள்ள வழி உண்டு: ட்யூனை மனப்பாடம் செய்துகொண்டு, மனோதர்மம் (அந்தக் கணத்துக் கற்பனை வாசிப்பு) நடக்கும்போது அதை வாய்க்குள்ளேயே முனகிக்கொண்டிருங்கள். ஜாஸ் கற்றுக்கொடுப்பவர்கள் மாணவர்களுக்குச் சொல்லும் வித்தைகளில் ஒன்று இது. நாலைந்து தடவையில், நீங்கள் முனகும் ட்யூனுக்கும் அவர் வாசிப்பதற்கும் நடக்கிற பேச்சுவார்த்தை கேட்க ஆரம்பித்துவிடும். முனகிப் பழக ‘செயின்ட் தாமஸ்’ஸைவிட எளிய ட்யூன் கிடைக்காது. ரோலின்ஸ் 1930-ல் நியூயார்க்கின் ஹார்லெமில் பிறந்தவர். பெற்றோரின் பூர்வீகம் கரீபியனின் வர்ஜின் தீவுகள். சின்ன வயதில் அம்மா பாடிக் கேட்ட தீவுப் பாட்டின் மெட்டு இது. அது கலிப்ஸோ என்ற கரீபியன் தாளத்தில் குதித்துக்கொண்டு வருகிறது.

அந்தப் பாட்டிலேயே இன்னொன்றையும் கவனியுங்கள். ரோலின்ஸ் தன் முதல் மனோதர்மத்தை முடித்ததும் ரோச்சின் தனி வரும். அது முடிந்து ரோலின்ஸ் மறுபடி உள்ளே நுழையும்போது தரை மாறியிருக்கும். கலிப்ஸோவின் குதிப்பு போய், சிம்பலில் சீராக ஓடும் ஸ்விங் நடை வந்திருக்கும். ஆடிக்கொண்டிருந்தவர்கள் திடீரென்று ஓட ஆரம்பித்ததுபோல. அந்தத் திருப்பத்துக்காகவே நான் பல தடவை ஊசியை, பிறகு விரலை, பின்னால் நகர்த்தியிருக்கிறேன்.

ஹார்ட் பாப் என்றால் என்ன என்றும் கேட்டிருந்தீர்கள். சுருக்கமாகச் சொல்கிறேன், இதில் நேரம் செலவழிப்பது வீண். 1940-களில் சார்லி பார்க்கர், டிஸ்ஸி கில்லெஸ்பி போன்றவர்கள் பீபாப் என்ற அதிவேக, சிக்கலான வாசிப்பைக் கொண்டுவந்தார்கள். ஐம்பதுகளின் நடுவில் அதன் மூளையை விடாமல், ப்ளூஸ் என்ற கறுப்பின மக்களின் நாட்டார் இசையையும் அவர்களின் தேவாலயப் பாட்டின் சூட்டையும் மறுபடி உள்ளே கொண்டுவந்தவர்கள் ஆர்ட் பிளேக்கி, ஹொரஸ் சில்வர், கிளிஃபோர்ட் பிரவுன், மேக்ஸ் ரோச் முதலானவர்கள். அந்த வகைக்கு வந்த பெயர் அது. ‘கொலோசஸ்’ அந்த வகையின் மாதிரி ஆல்பம் என்றுகூடச் சொல்லமாட்டேன். பொதுவாக ஹார்ட் பாப் குழுவில் ட்ரம்பெட்டும் சாக்ஸும் ஜோடியாக முன்னால் நிற்கும். இங்கே சாக்ஸ் ஒற்றை ஆள். ஒளிந்துகொள்ள இடமில்லை.

பதிவான நாள் 1956 ஜூன் 22, வெள்ளிக்கிழமை. இடம் நியூ ஜெர்ஸியின் ஹாக்கன்சாக்கில் ஒரு வீட்டின் வரவேற்பறை. விளையாட்டுக்குச் சொல்லவில்லை. ஒலிப்பதிவாளர் ரூடி வான் கெல்டர் பகலில் கண் பரிசோதித்துக் கண்ணாடி எழுதிக்கொடுப்பவர். பெற்றோர் வீட்டுக் கூடத்தையே ஸ்டூடியோவாக்கியிருந்தார். அந்தக் காலத்தின் மிக முக்கியமான ஜாஸ் ரெக்கார்டுகளில் பாதி அந்தக் கூடத்தில் பிறந்தவை என்று சொன்னால் மிகை கொஞ்சம்தான் இருக்கும். பிரெஸ்டீஜ் ரெக்கார்டு கம்பெனிக்காக பாப் வைன்ஸ்டாக் தயாரித்தார். ஒத்திகைக்குக் காசு செலவழிப்பது பிரெஸ்டீஜின் வழக்கமல்ல. வந்தோம், வாசித்தோம், போனோம் என்பதுதான் அங்கே முறை. நாற்பது நிமிஷ ஆல்பம், ஐந்தே பாட்டு, ஒரே நாளில் முடிந்தது. மோனோ பதிவு என்பதால் ஒரே ஸ்பீக்கரில் கேட்டாலும் நஷ்டமில்லை. ஆனால் போனின் சின்ன ஸ்பீக்கர் மட்டும் வேண்டாம். பாஸ் காணாமல் போய்விடும், பாஸ் போனால் தரையே போனமாதிரி.

வாசித்தவர்கள் நால்வர். ரோலின்ஸுக்கு அப்போது 25 வயது. பியானோ டாமி ஃப்ளானகன், பாஸ் டக் வாட்கின்ஸ், இருவரும் டெட்ராய்ட்காரர்கள். வாட்கின்ஸுக்கு வெறும் 22. ரோச் மட்டும் மூத்தவர், 32, பார்க்கரோடு வாசித்த ஆள். ஃப்ளானகன் அளந்து பேசுகிறவர். முதலில் கேட்கும்போது பின்னணியில் மரியாதையாக உட்கார்ந்திருப்பதுபோல் தோன்றும். பத்தாவது தடவையில்தான் அவர் எவ்வளவு இடம் விட்டுக்கொடுக்கிறார், அதனால்தான் ரோலின்ஸின் அந்த நிறுத்தங்களுக்கு மதிப்பு வருகிறது என்பது புரியும்.

சத்தத்தைப் பற்றி ஒரு வார்த்தை. கத்ரி வாசித்தது ஆல்ட்டோ சாக்ஸ். கமகம் வருவதற்காக வாத்தியத்திலேயே மாற்றங்கள் செய்துகொண்டவர் அவர். ரோலின்ஸின் டெனர் அதைவிடப் பெரியது, சுருதியும் கீழே. கமகத்தின் வழுக்கலை இங்கே தேடாதீர்கள், ஏமாந்துபோவீர்கள். இவர் அழகு வேறு இடத்தில் இருக்கிறது: சுரத்தை எப்படித் தொடுகிறார், எப்படி விடுகிறார் என்பதில். சில சுரங்களைக் கல்லில் உளி வைத்ததுபோல் வெட்டுவார், சிலவற்றைச் சோம்பலாக இழுத்து விடுவார், சிலவற்றைப் பாதியில் விழுங்கிவிடுவார். பேசுகிற மனிதனின் குரல். இரண்டாவது பாட்டில், ‘யூ டோன்ட் நோ வாட் லவ் இஸ்’ என்ற மெதுவான காதல் பாட்டில், இது நன்றாகக் கேட்கும். 1941-ல் ஒரு சினிமாவுக்காக எழுதப்பட்டு, பிறகு எல்லோரும் வாசித்து நைந்துபோன மெட்டு. ரோலின்ஸ் அதில் அழமாட்டார். வருத்தத்தைச் சொல்லும்போதே கொஞ்சம் உறுமுவார். சிறுவயதில் அவருக்குத் தெய்வமாக இருந்த டெனர் சாக்ஸ் மேதை கோல்மன் ஹாக்கின்ஸின் கனமான தொனி இந்தப் பாட்டில்தான் அதிகம் எட்டிப்பார்க்கிறது.

மூன்றாவது, ‘ஸ்ட்ரோட் ரோட்’, ஆல்பத்திலேயே சுத்தமான ஹார்ட் பாப். வேகம். பியானோவும் டிரம்ஸும் ஒதுங்கிக்கொள்ள, சாக்ஸும் பாஸும் மட்டும் கொஞ்சநேரம் ஓடும் இடத்தை விடாதீர்கள். தலைப்பில் இருப்பது சிகாகோவின் ஸ்ட்ரோட் ஹோட்டல். ட்ரம்பெட் கலைஞர் ஃப்ரெடி வெப்ஸ்டர் 1947-ல் இறந்த இடம். சிகாகோ ரோலின்ஸுக்கும் சாதாரண ஊரல்ல. ஹெராயின் பழக்கத்திலிருந்து விடுபட கென்டக்கியின் லெக்ஸிங்டனில் இருந்த அரசு மருத்துவமனைக்கு அவராகவே போனார். வெளியே வந்ததும் சிகாகோவில் கூலி வேலைகள் செய்துகொண்டு, மறுபடி விழுந்துவிடுவோமோ என்ற பயத்தோடு கிளப்புகளிலிருந்து தள்ளியே இருந்தார். 1955 கடைசியில் கிளிஃபோர்ட் பிரவுன்–மேக்ஸ் ரோச் குழு அங்கே வந்தபோது அதில் சேர்ந்தார். ட்ரம்பெட் வாசித்த பிரவுனுக்கு அப்போது 25 வயது, போதை எதையும் தொடாதவர். போதை இல்லாமலும் இந்த அளவுக்கு வாசிக்கலாம் என்பதற்கு ரோலின்ஸுக்குத் தினமும் கண்ணெதிரே சாட்சி.

‘மோரிடாட்’ நான்காவது. இதன் ட்யூன் உங்களுக்கு வேறு பெயரில் தெரிந்திருக்கலாம்: ‘மேக் த நைஃப்’. கர்ட் வைல் இசையமைத்து, பெர்டோல்ட் பிரெக்ட் எழுதி, 1928-ல் பெர்லினில் மேடையேறிய நாடகத்தின் பாட்டு. மோரிடாட் என்பது தெருவில் படப்பலகையைக் காட்டிக் கொலைக் கதைகளைப் பாடும் பாடகர்களின் பாட்டு வகைக்கு ஜெர்மன் பெயர். நம் ஊர்க் கொலைச் சிந்துக்குத் தூரத்து உறவு. கொலைகாரனைப் பற்றிய பாட்டை ரோலின்ஸ் கையை வீசிக்கொண்டு தெருவில் உலாப் போவதுபோல் பத்து நிமிஷம் வாசிக்கிறார். கேலியா, பாசமா என்று தீர்மானமாகச் சொல்ல முடியாது. மலிவான ட்யூன் என்று மற்றவர்கள் ஒதுக்கும் மெட்டுகளைத் தேடி எடுத்து நேசத்தோடு கிண்டல் செய்வது அவருக்கு வாழ்நாள் வழக்கம்.

இனி ‘ப்ளூ செவன்’. இதற்குத்தான் இவ்வளவு நேரம் சுற்றி வந்தேன்.

ஒரு சொந்தக் கதை. இந்த ஆல்பம் எனக்கு முதலில் கிடைத்தது ஒரு அறுபது நிமிஷ கேஸட்டின் ஒரு பக்கத்தில், யாரோ பதிவு செய்து கொடுத்தது. ஒரு பக்கத்துக்கு முப்பது நிமிஷம். முதல் நான்கு பாட்டும் சேர்ந்தால் இருபத்தெட்டரை நிமிஷத்துக்குமேல். ஆக ‘ப்ளூ செவன்’ ஆரம்பித்து, வாட்கின்ஸ் தனியாக பாஸை நடத்திக்கொண்டு வந்து, ரோலின்ஸ் வாயைத் திறந்து இரண்டு வார்த்தை பேசியதும், டக் என்று நாடா நின்றுவிடும். பல வருஷம் எனக்கு ‘ப்ளூ செவன்’ என்பது ஒன்றேகால் நிமிஷப் பாட்டு. அதற்கப்புறம் என்ன இருக்கிறது என்று மீதிப் பத்து நிமிஷத்தை நானே கற்பனை செய்து வைத்திருந்தேன். என் கற்பனையில் வேகம் கூடிக்கொண்டே போகும், கடைசியில் இடியும் மின்னலும். முழுசாகக் கேட்டபோது அப்படி எதுவுமே நடக்கவில்லை. கொஞ்சம் ஏமாற்றமாகக்கூட இருந்தது.

நடப்பது இது. பாஸ் நிதானமாக நடக்கிறது. ரோலின்ஸ் ஒரு எடுப்பைச் சொல்கிறார். அதை ட்யூன் என்று சொல்வதே கஷ்டம், இங்கொன்றும் அங்கொன்றுமாகச் சில சுரங்கள். பாட்டு, மேற்கத்திய இசையில் பி ஃபிளாட் என்ற சுரத்தை ஆதாரமாக வைத்து ஓடும் ப்ளூஸ். ஆனால் அவர் அழுத்தும் டி, ஏ ஃபிளாட் என்ற சுரங்கள் இரண்டும் இரட்டைக் குடியுரிமை வைத்திருப்பவை. பி ஃபிளாட் கார்டிலும் அவை உண்டு, அதற்கு நேர் எதிர் மூலையில் இருக்கும் ஈ கார்டிலும் உண்டு. உங்கள் பாஷையில் சொன்னால், சட்ஜத்துக்கும் பிரதி மத்திமத்துக்கும் உள்ள தூரத்தில் இரண்டு வீடு, இவர் நிற்பது எந்த வாசலில் என்று தெரியவில்லை. அந்தச் சந்தேகம்தான் பாட்டின் முழு முதலீடு. பதினோரு நிமிஷமும் அவர் அதற்குத் திரும்பத் திரும்ப வருகிறார். அந்தச் சில சுரங்களை இழுத்து, ஒடித்து, இடைவெளியைப் பெரிதாக்கி, ஓடிப்போய் வேகமான சொற்கட்டுகளைக் கொட்டிவிட்டு, திரும்பி வந்து அதே கேள்வியைக் கேட்கிறார்.

நடுவில் ரோச்சின் தனி. நம் தனி ஆவர்த்தனம் கேட்ட காதுக்கு இது சாப்பாட்டு நேரத்தில் கிடைத்த நொறுக்குத்தீனி மாதிரி தோன்றலாம். கணக்கு வழக்கில் மிருதங்கத்தோடு இதை ஒப்பிட வேண்டாம். வேறொன்றைக் கவனியுங்கள்: ரோச் கையில் எடுப்பது கிட்டத்தட்ட இரண்டே சரக்கு, மூன்று மூன்று அடியாக விழும் ஒரு துணுக்கும் ஒரு உருட்டலும். அதற்குமேல் எதையும் உள்ளே விடவில்லை. டிரம்ஸ்காரர் ஓசையால் மிரட்டாமல் யோசிக்கிறார். ரோலின்ஸிடம் இருக்கும் அதே கஞ்சத்தனம் இங்கேயும்.

இந்தப் பாட்டைப் புகழ்பெற வைத்தது 1958-ல் ‘த ஜாஸ் ரிவ்யூ’ இதழில் இசையமைப்பாளரும் விமர்சகருமான கந்தர் ஷுல்லர் எழுதிய கட்டுரை. பீத்தோவனை அலசுவதுபோல் நோட்டேஷன் போட்டு, ரோலின்ஸ் எடுப்பின் கருவிலிருந்தே முழு மனோதர்மத்தையும் கட்டியிருக்கிறார் என்று காட்டினார். ஜாஸை அந்த மரியாதையோடு யாராவது எழுதினார்களே என்ற வகையில் பெரிய காரியம். ஆனால் அதைப் படித்தபின் தன் வாசிப்பைத் தானே உற்றுப்பார்க்கும் தொல்லை வந்து, இனி தன்னைப் பற்றிய விமர்சனங்களைப் படிப்பதில்லை என்று ரோலின்ஸ் முடிவு செய்தார். பின்னாளில் வேறு ஆய்வாளர்கள், ஷுல்லர் கரு என்று சொன்ன துணுக்குகளில் சில ரோலின்ஸ் மற்ற ஒலிப்பதிவுகளிலும் வாசித்தவைதான் என்று எடுத்துக்காட்டினார்கள். என்னைக் கேட்டால் இரண்டும் சரி. எந்த வித்வானிடமும் கைப்பழக்கமான பிடிகள் இருக்கும். எந்தப் பிடியை எப்போது எடுக்கிறார், எதை எடுக்காமல் விடுகிறார் என்பதில்தான் அன்றைய கச்சேரி இருக்கிறது. ஆகவே முதல் சில தடவை அந்தக் கட்டுரைப் பக்கம் போகாதீர்கள். பாஸோடு சேர்ந்து காலைத் தட்டிக்கொண்டு கேளுங்கள், போதும்.

இந்த ஒலிப்பதிவு முடிந்த நான்கே நாளில், ஜூன் 26 இரவு, பென்சில்வேனியா நெடுஞ்சாலையில் மழையில் கார் கவிழ்ந்து கிளிஃபோர்ட் பிரவுனும், குழுவின் பியானோக்காரர் ரிச்சி பவலும், பவலின் மனைவியும் இறந்துபோனார்கள். ரோலின்ஸும் ரோச்சும் அந்தக் காரில் இல்லை. இது தெரிந்தபின் ‘செயின்ட் தாமஸ்’ஸின் குதூகலத்தில் சோகத்தைத் தேடும் பழக்கம் சிலருக்கு வந்துவிடுகிறது. வேண்டாம். அந்த வெள்ளிக்கிழமை அந்தக் கூடத்தில் யாருக்கும் எதுவும் தெரியாது. சந்தோஷம் சந்தோஷமாகவே பதிவாகியிருக்கிறது.

மூன்று வருஷம் கழித்து, 1959-ல், புகழின் உச்சியில் இருந்தபோது, தன் வாசிப்பு போதாது என்று சொல்லிவிட்டு மேடையை விட்டே விலகினார் ரோலின்ஸ். அடுக்குமாடி வீட்டில் அக்கம்பக்கத்துக்குத் தொந்தரவு என்று வில்லியம்ஸ்பர்க் பாலத்தின் நடைபாதையில் போய் நின்று, ரயில் சத்தத்துக்கு நடுவே, 1961 வரை சாதகம் செய்தார். பிறகு இன்னொரு தடவை விலகியபோது பம்பாயின் பவாய் பகுதியில் ஒரு ஆசிரமத்தில் சில மாதம் தங்கிவிட்டுப் போனார். ‘கொலோசஸ்’ஸின் நிறுத்தங்களைக் கேட்ட பிறகு இந்தச் செய்திகள் எனக்கு ஆச்சரியமாகத் தோன்றவில்லை. சும்மா இருக்கத் தெரிந்த ஆள் என்பது வாசிப்பிலேயே தெரிகிறது.

உங்களுக்கு என் யோசனை: ஒரு வாரம் ‘செயின்ட் தாமஸ்’ மட்டும், முனகிக்கொண்டு. அடுத்த வாரம் ‘மோரிடாட்’. ‘ப்ளூ செவன்’ ஒரு ராத்திரி, வீட்டில் எல்லோரும் தூங்கியபின். நடுவில் இருக்கும் இரண்டும் தானாகவே வந்து சேர்ந்துகொள்ளும். பிடித்துப்போனால் அதற்கு ஒரு மாதம் முன் பதிவான ‘டெனர் மேட்னஸ்’ தலைப்புப் பாட்டைக் கேளுங்கள். அதில் இன்னொரு டெனர் சாக்ஸ் மேதை ஜான் கோல்ட்ரேன் பக்கத்தில் நிற்கிறார், கொட்டுகிறவருக்கும் கஞ்சனுக்கும் உள்ள வித்தியாசம் பன்னிரண்டு நிமிஷத்தில் விளங்கிவிடும். 1957-ன் ‘வே அவுட் வெஸ்ட்’டை மட்டும் இப்போதைக்குத் தள்ளி வையுங்கள். அதில் பியானோவே கிடையாது, சாக்ஸும் பாஸும் டிரம்ஸும்தான். தரையைக் காட்டிக்கொடுக்க ஆளில்லாத அந்த வீட்டுக்கு, முனகாமலேயே சுற்று தெரிய ஆரம்பித்த பிறகு போகலாம்.